ஒட்டுமா

ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கு மேல்
மூன்று குப்பிகள்.
ஊரடங்கு அறிவித்த இரவு
தெருவே அரிசிக்கும் பருப்புக்கும் ஓடியபோது
அம்மா அவற்றை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
மூன்றுதான்.

ரத்தம் உறைய
பதின்மூன்று வரை எண் போட்டு
வரிசையில் ஆட்கள் நிற்கவேண்டும்.
(ஆறாம் எண்ணில் யாருக்குமே ஆள் இல்லை, அது வேறு கதை.)
எனக்கு எட்டாவது ஆள் வரவில்லை.
பிறந்ததிலிருந்தே வரவில்லை.
ரேஷன் கடை வாசலில்
சுண்ணாம்பு வட்டங்களை
ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
எட்டாவதில்
ஒரு மஞ்சள் பை கிடந்தது,
மேலே ஒரு கல்.

ஜூன் மாதம் முழங்கால் சூடேறியது.
வீக்கத்துக்கு முன்னால் வரும் சூடு,
உள்ளே யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி.
முப்பது வருடத்தில்
ஒருநாளும் அது பொய் சொன்னதில்லை.
இரண்டு குப்பி போனது.
மூன்றாவதோடு நாங்கள் குடித்தனம் நடத்தியதைச் சொன்னால்
சிரிப்பீர்கள்.
அருவாமனை பரணுக்குப் போனது.
சவரம் கிடையாது.
முருங்கைக்காயை மெல்லாதே, ஈறு கிழியும்.
கரண்டு போகும்போதெல்லாம்
ஈரத்துணி சுற்றிப்
பானைத் தண்ணீர் ஓரமாய் அதைச் சாத்திவைத்து
பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.
விசிறியது எனக்கா குப்பிக்கா, தெரியாது.

அதுவும் தீர்ந்த மறுநாள்
ஸ்டான்லிக்குப் புறப்பட்டோம்.
ரொசாரியோ வீட்டில் பாசிட்டிவ் என்று
சந்தின் வாயில் தகரம் அடித்திருந்தார்கள்.
தன்னார்வலப் பையன் இரண்டு ஆணியைப் பிடுங்கி
ஓர் ஆள் நுழைய வழிவிட்டான்.
தகரத்தின் விளிம்பில்
அம்மா தன் முந்தானையை மடித்துப் போட்டுப்
பிடித்துக்கொண்டாள்.
நான் கடந்தேன்.

கல்மண்டபத்தில் லத்தி.
அடுத்தவனுக்கு ஓர் அடி, ரெண்டு நாள் நீலம்.
எனக்கு அதுவே நாலு குப்பி.
எட்டி நின்றே
ஆஸ்பத்திரி நோட்டை நீட்டினேன்.
போலீஸ்காரர் எழுத்துக்கூட்டினார்:
ஹீ… மோ… ஃபிலியா.
ஓரடி பின்வாங்கி,
"ஒட்டுமா?" என்றார்.

"ஒட்டாது சார்,
அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும்."

சிரிக்கத்தான் சொன்னேன்.
அவர் சிரிக்கவும் செய்தார்.
திரும்பினால்
அம்மா.
மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும்
சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.
ஆளே இல்லாத பழைய ஜெயில் ரோடு முழுக்க
எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.
நான் நொண்டியபடி பின்னால்.
அவள் அண்ணன் பெஸ்கி
ஒன்பது வயதில், பால்பல் விழுந்த இடத்திலிருந்து
விடிய விடிய ஒழுகிச் செத்தவன்.
வாயில் திணித்த பஞ்சைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தவள்
ஏழு வயது அம்மா.
இதையெல்லாம் தெரிந்துகொண்டே
சொல்லியிருக்கிறேன்.

ஸ்டான்லியில் மருந்துக்கு முன்னால்
மூக்கில் குச்சி விட்டார்கள்.
ரிசல்ட் நெகட்டிவ். ரத்தம்
சாயங்காலம் வரை நிற்கவில்லை.

அடுத்த வருடம்
கார்ப்பரேஷன் பள்ளியில் தடுப்பூசி.
மூன்றாம் வகுப்பு பெஞ்சு, முழங்கால் இடித்தது.
சன்ன ஊசி கேட்டு வாங்கினோம்.
"பத்து நிமிஷம் விடாம அழுத்தணும்" என்றார் நர்ஸ்.
என் கையில் பஞ்சை வைத்து
அம்மா கட்டைவிரலால் அழுத்தினாள்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
"போதும்மா."
"நீ சும்மா இரு."

பிறகு அவள் முறை.
ஊசியை எடுத்ததுமே
ரத்தம் நின்றுவிட்ட கை.
பஞ்சுகூட வேண்டாம்.
நான் பஞ்சை வைத்து
விரலை வைத்து
அழுத்திக்கொண்டிருந்தேன்.
கையை இழுத்துக்கொள்ளவில்லை.
கரும்பலகையில் பாதி அழிந்த
எட்டாம் வாய்ப்பாட்டை
இருவரும் பார்த்தபடி இருந்தோம்.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.